தங்கையின் ஒன்பது படங்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேஜைமேல் இருக்கும் கணினித் திரை கொஞ்சம் நீலம் கூடுதலாகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட திரையில் ஒரு படத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. என் ஸ்டுடியோவில் மாதம் ஒரு முறை திரையை அளந்து சரிசெய்வேன். இருபது நிமிட வேலைதான். செய்யாதவர்கள்தான் அதிகம்.

சரி, முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள்.

கலரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கறுப்பு வெள்ளை என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எடுத்தால் கிடைப்பது பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல். நல்ல கறுப்பு வெள்ளைக்கு ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். மென்பொருளில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர் உண்டு. சிவப்பு ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினால் சிவப்பு ரோஜா வெள்ளை ரோஜாவாகும். இடப்பக்கம் இழுத்தால் கரிக்கட்டையாகும். பக்கத்திலிருக்கும் பச்சை இலைக்கு எதுவும் ஆகாது. மனிதத் தோல் எந்த ஊர்த் தோலாக இருந்தாலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும்தான் குடியிருக்கிறது. அந்த இரண்டையும் லேசாகத் தூக்கிவிட்டால் முகம் உள்ளேயிருந்து வெளிச்சம் போட்ட மாதிரி வரும்.

இதைத் தேவையில்லாத பேச்சு என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்டதற்குப் பதிலே இதுதான்.

ஸ்டுடியோவுக்கு இரண்டு தளம். கீழே அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கிற வேலை. அதை என் மனைவி பார்த்துக்கொள்வாள். மாடி என்னுடையது. ஒரு ஜன்னல், அதன் பக்கத்தில் ஒரு முக்காலி, எதிர்மூலையில் கணினி. சுவர், திரைச்சீலை எல்லாம் சாம்பல் நிறம். வேலை செய்யும்போது நான் போடும் சட்டைகூடச் சாம்பல்தான், கலர்ச் சட்டை போட்டால் அதன் சாயல் திரையில் விழும். "ரூமா இது, மேகமா?" என்று மனைவி கேலி செய்வாள். நகரத்தில் புகைப்படக்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். அங்கே எல்லாருக்கும் என்னைப் பற்றி ஒன்று தெரியும். ஒரு முகப்பருவைக்கூட நான் தூரிகை வைத்து அழிக்கமாட்டேன். படத்தில் இல்லாததைச் சேர்ப்பதில்லை, இருப்பதை எடுப்பதில்லை. எந்த நிறத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் முடிவு செய்வேன். இந்த வரியை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் தங்கைக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். குழந்தையில் குண்டாக, உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தோம். கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் நான்தான் போட்டேன். புது லென்ஸ் வாங்கினால் முதல் படம் அவளைத்தான். அவளுக்கு ஒரு நிமிடம் சும்மா உட்கார வராது.

"அண்ணா, முடிஞ்சுதா? மூக்கு அரிக்குது."

"அசையாதே. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"இதத்தான் அரை மணி நேரமா சொல்லிட்டிருக்க. நீ சொல்ற ஒண்ணுக்கு எத்தனை ஒண்ணு?"

மாப்பிள்ளை பார்த்தது நான். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார், உங்களுக்கே தெரியும். இந்த நகரத்தில் பாதிப் பேர் அவரிடம் வண்டி கற்றவர்கள். என் மனைவிக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவள் கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டியை நாற்பது முறை நிறுத்தினாள், ஒரு முறைகூட அவர் குரல் உயரவில்லையாம். "பரவாயில்லம்மா, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று மட்டும் சொல்வாராம். இவ்வளவு பொறுமையான மனிதர் கிடைப்பாரா என்று நானே போய்ப் பேசினேன். பட்டாணி இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் தனியாக வந்தாள். கீழே பாஸ்போர்ட் படத்துக்கு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கார்ஃபால் முகத்தைச் சுற்றியிருந்தாள், தூசிக்கு என்று நினைத்தேன். மாடிக்கு வந்ததும் கேட்காமலே முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு போட்டோ எடு. முகம் மட்டும். நல்லாத் தெரியற மாதிரி."

ஸ்கார்ஃபை எடுத்தாள். இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் இருந்தது.

"தேதி விழுமா அதுல?"

"ஃபைலுக்குள்ளயே இருக்கும்."

"அப்ப சரி. பிரிண்ட் போட்டு வை. நான் வந்து வாங்கிக்கறேன். அம்மாகிட்ட சொல்லாத."

யார், எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை. பதினான்கு படம் எடுத்தேன். அன்றைக்கு மேகமூட்டம், ஜன்னலில் வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் ஆறு படத்தில் அவள் என்னைப் பார்க்கிறாள். ஏழாவதில் என்னை விட்டுவிட்டாள். சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஏழாவது படம் நல்ல படம் என்று எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் போனபிறகு அதைத் திரையில் திறந்தேன். கலரில் பார்க்க முடியவில்லை மேடம். நிஜமாகவே முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நிறத்தை எடுத்துப் பார்த்தேன், அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி ஒரு கறை மிச்சம் இருந்தது. அப்புறம் வழக்கம்போல ஒவ்வொரு ஸ்லைடராக நகர்த்திக்கொண்டு வந்தேன். ஊதாவைத் தூக்கினேன், கறை இளகியது. நீலத்தைத் தூக்கினேன், போய்விட்டது. அந்த முகத்தில் நீலத்துக்கும் ஊதாவுக்கும் வேறு எந்த வேலையும் இல்லை, அதனால் மற்ற எதுவும் மாறவில்லை. வீக்கம் கொஞ்சம் இருந்தது, அது ஜன்னலுக்கு எதிர்ப்பக்க நிழலில் அடங்கிவிட்டது. கண் அப்படியே, உதடு அப்படியே, அந்தப் பார்வை அப்படியே. கன்னம் மட்டும் சுத்தமாக இருந்தது.

காய்ச்சல் விட்டால் உடம்பு லேசாகுமே, அப்படி இருந்தது எனக்கு.

மாப்பிள்ளையை ஃபோனில் கூப்பிட்டேன். அன்று மதியமே வந்தார். அதே முக்காலியில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

"மச்சான், ஒரே ஒரு தடவ. கை நீண்டுருச்சு. இனிமே நடக்காது. அவகிட்ட நீங்க பேசுங்க, நீங்க சொன்னா கேப்பா."

அம்மாவுக்கு அப்போதுதான் இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பட்டாணி வீட்டுக்குத் திரும்பி வந்தால் அம்மாவிடம் என்ன சொல்வது. கல்யாணம் செய்துவைத்தது நான். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். ஏழாவது படத்தைப் பெரிதாக, நல்ல காகிதத்தில் அச்சுப் போட்டு வைத்திருந்தேன். வாங்கி ஜன்னலிடம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அண்ணா, இது நானா?"

"நீதான்."

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"பாத்தியா. நீ நினைச்ச அளவுக்கு இல்ல."

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் அங்கே பச்சை ஓட ஆரம்பித்திருந்தது. "வலிக்குதே" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே கணக்குச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு, "கலர்ல ஒண்ணு குடேன்" என்று கேட்டாள்.

"நான் கறுப்பு வெள்ளையிலதான் எடுப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

அது பொய். இந்த வாக்குமூலத்தில் பொய் என்று நானாக ஒத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான். இந்தக் காலத்துக் கேமரா எல்லாவற்றையும் கலரில்தான் எடுக்கிறது. கறுப்பு வெள்ளை என்பது அதற்கப்புறம் நாம் செய்கிற வேலை. அவளுக்கு அது தெரியாது, அவள் புகைப்படக்காரி இல்லை. தலையை ஆட்டிவிட்டு அச்சை அதே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் படத்தைச் சங்கத்தின் வருடாந்திரப் போட்டிக்கு அனுப்பினேன். "அமைதி" என்று தலைப்பு வைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. ஒரு நடுவர், அந்த முகத்தில் இருக்கும் நிம்மதியைத் தன்னால் மறக்க முடியவில்லை என்று எழுதினார். மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெரிய அச்சு ஒன்று கேட்டு வாங்கிப் பயிற்சிப் பள்ளியின் வரவேற்பறையில் மாட்டினார். இன்னொன்றை நான் எங்கள் ஸ்டுடியோவின் முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தேன்.

என் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.

"என்னங்க, அந்தப் படத்த எறக்குங்க."

"ஏன், நல்லா இல்லையா?"

"அவ அன்னைக்குக் கீழ எறங்கும்போது நான் பாத்தேன். நீங்க மூஞ்சியப் பாக்கறீங்களா, படத்தப் பாக்கறீங்களா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். அதற்கப்புறம் தெருப்பக்கம் வழியாக வராமல், பின்வாசல் வழியாகவே கடைக்கு வர ஆரம்பித்தாள்.

பட்டாணி திரும்பவும் வந்தாள். இரண்டரை வருடத்தில் இன்னும் எட்டு முறை. அச்சுப் போடச் சொல்லி அவள் மறுபடி கேட்கவே இல்லை. வந்து முக்காலியில் உட்காருவாள். நான் கேமராவை எடுப்பேன். வேறு என்ன செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் ஒரு மணி நேரம் இருப்பாள். ஒரு தடவை முக்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

தொழில்முறையில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன், மறைப்பானேன். அடி பட்ட அன்றைக்கு நிறம் சிவப்பு. அது கஷ்டம், சிவப்பைத் தூக்கினால் உதடு வெளுத்துவிடும். மறுநாள், அதற்கடுத்த நாள் ஊதாவும் நீலமும், அது எளிது. ஐந்தாம் நாள் பச்சை. பத்து நாளாகி மஞ்சளுக்கு வந்துவிட்டால் எனக்கு வேலையே இல்லை, தோலோடு தோலாகச் சேர்ந்துவிடும். போகப்போக அவள் வாயைத் திறக்காமலே எந்த ஸ்லைடரை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்பதை வைத்து, என்றைக்கு நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு முறை நாலு நாள் முந்தியது என்று கணக்குப் போட்டேன். நாலு நாளுக்கு முன்னால் அம்மாவின் பிறந்தநாளுக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்து சாப்பிட்டுவிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் போன வழியில் நடந்திருக்க வேண்டும்.

ஒன்பது படம் சேர்ந்ததும் "தங்கை" என்ற பெயரில் கண்காட்சி வைத்தேன். கூட்டம் நன்றாக வந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்த தேதியைப் போட்டிருந்தேன். சிறு புத்தகமாகவும் அச்சிட்டோம். பட்டாணி திறப்பு நாளன்று வந்தாள். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்பதையும் நின்று நின்று பார்த்தாள். ஒரு பெண்மணி அவளை அடையாளம் கண்டுகொண்டு, "உங்க அண்ணனுக்கு உங்க மேல எவ்வளவு பாசம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவள், "ஆமாங்க" என்றாள்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் குடும்ப ஆலோசனை மையத்தில் அவள் புகார் கொடுத்தது. என்னிடம் சொல்லாமல் கொடுத்திருந்தாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆலோசகர் வயதான அம்மாள், எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து விசாரித்தார். பட்டாணி ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். தேதியெல்லாம் சரியாக நினைவு வைத்திருந்தாள். மாப்பிள்ளை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முடித்ததும் பையிலிருந்து கண்காட்சிப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆலோசகர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். தேதிகளை அவள் சொன்னதோடு ஒத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இது அந்தந்தத் தேதியில எடுத்ததுதானா?"

"ஆமாங்க."

"இதுல ஏதாவது அழிச்சிருக்கீங்களா?"

"நான் எந்தப் படத்துலயும் எதையும் அழிக்கறதில்லைங்க. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

இரண்டும் உண்மை. பட்டாணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆலோசகரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளி, கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி மென்மையாகத்தான் சொன்னார். அவள் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, இனிமே எனக்குப் போட்டோ வேண்டாம்."

"சரி. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா."

அவள் அப்புறம் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை ஃபோன் செய்தார். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள் படியில் தவறி விழுந்துவிட்டாள் என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று என் மனைவி அன்றைக்கும் கேட்டாள், நீங்கள் இன்றைக்குக் கேட்கிறீர்கள். அவள் ஒரு இடத்தில் இருக்கிறாள் என்றால் நான் கேமராவோடு போவது வழக்கம். அவ்வளவுதான்.

என்னைத் தனியாக உள்ளே விட்டார்கள். மேலே குழல்விளக்கு, மட்டமான வெளிச்சம். போர்வையைக் கொஞ்சம் இறக்கினேன். கழுத்தில் ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று. படிக்கட்டுக்கு விரல் கிடையாது என்று எனக்கும் தெரியும் மேடம். ஒரு படம் எடுத்தேன். அதுதான் பத்தாவது.

வழுக்கி விழுந்தது என்று மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்று பணியிலிருந்த உங்கள் அதிகாரி, அவருக்கும் அவசரம்தான், போர்வையை விலக்கிக்கூடப் பார்க்காமல், குடும்பத்தார் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். படம் ஏதாவது எடுத்தீர்களா என்றும் கேட்டார். ஸ்டுடியோவுக்குப் போய் அச்செடுத்து வருகிறேன் என்று சொல்லி வந்து, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள். மாப்பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று நினைக்கிறீர்கள். அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பத்தாவது படத்தை உள்ளபடியே வெளியில் விட்டால் முன்னால் இருக்கும் ஒன்பதுக்கும் என்ன ஆகும் என்று யோசித்தேன். அத்தனையும் ஒரே நாளில் பொய்யாகிவிடும். அவள் முகம் உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒன்பதில்தான். அதையும் பொய்யாக்கிவிட்டால் அவளுக்கு என்னதான் இருக்கிறது.

ஊதா, நீலம், கொஞ்சம் சிவப்பு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சாவில் சந்தேகம் ஏதும் இல்லை, பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று என் கைப்பட எழுதி, மூத்த சகோதரன் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது.

அசல் ஃபைல்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம். பின்வாசல் சாவி என் மனைவியிடம் மட்டும்தான் இருக்கிறது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எதற்காக அந்த அசல்களை அழிக்காமல் வைத்திருந்தாய், மாட்டிக்கொள்வோம் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். அசலை அழிப்பவன் தொழில்காரனே இல்லை மேடம். பத்தும் தேதிவாரியாக, கலரில், தொடாமல் இருக்கும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, தெரிந்தே செய்தேன். முதல் நாளிலிருந்தே தெரியும். ஆலோசகர் முன்னால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க மாட்டாள். அதுவும் தெரியும். கழுத்தில் இருந்தது எவருடைய விரல் என்றும் தெரியும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் நீங்கள் கலரை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் முகம் இப்படி இருக்கிறது. அந்தப் பத்தாவது படத்தின் கறுப்பு வெள்ளையைத்தான் அம்மாவின் அறையில் மாட்டியிருக்கிறோம். அம்மா தினமும் காலையில் அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். கஷ்டமே படாமல் போய்விட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்கிறார். அந்த ஆறுதலைக் கொடுக்க என்னைத் தவிர வேறு யாரால் முடிந்திருக்கும். அவள் வீட்டில் என்ன நடந்ததோ, அதற்கு மாப்பிள்ளை பதில் சொல்லட்டும். என்னிடம் வந்த ஒவ்வொரு முறையும் நான் அவளைப் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். பத்துப் படத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள் மேடம். என் தங்கையை யாரும் ஒரு அடிகூட அடித்ததில்லை.